இரண்டு மில்லியும் ஒரு சத்தியமும்

அருணாதேவி பயந்த சுபாவம் உள்ளவள். இதை அவளே மறுக்கமாட்டாள். பஸ்ஸில் முன் சீட்டில் உட்காரமாட்டாள். பல்லி விழுந்தால் காலண்டரைத் திருப்பிப் பலன் பார்ப்பாள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போனவள் மூன்று தடவை திரும்பி வந்து பார்ப்பாள். அப்படிப்பட்டவள் பதினாறு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். கத்தியும் ரத்தமும் அவளை ஒன்றும் செய்வதில்லை. அவளைப் பயமுறுத்துவது வேறு.

மலையடிவாரக் கோயிலின் ராஜகோபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில், மேடம் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு அம்மாள் நடத்தும் தனியார் நர்சிங் ஹோமில் அவள் மயக்க மருந்து டெக்னீஷியன். மயக்க டாக்டர் ஜினசேனனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். காலையில் மெஷினைச் சோதித்து, ஊசிகளில் மருந்தை ஏற்றி, ஒவ்வொன்றிலும் மருந்தின் பெயரை எழுதி ஒட்டி, டாக்டர் கை நீட்டும்போது கேட்காமலே எடுத்துக் கொடுக்க வேண்டும். பூட்டிய அலமாரியின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். அபின் வழியில் வந்த மருந்துகள் எல்லாம் அந்த அலமாரிக்குள்.

அவளுக்குப் பயம் வருவது ஒரே ஒரு நேரத்தில். நோயாளி தூங்கிய பிறகு, விளக்கு வைத்த வளைந்த தகடு ஒன்றை வாய்க்குள் விட்டு, நாக்கைத் தூக்கி, மூச்சுக்குழாயில் டியூபைச் செருகுவார்கள். ஆள் தூங்குவான், ஆனால் அவன் உடம்பு தூங்காது. தொண்டைக்குள் எவனோ கை வைக்கிறான் என்று அது மிரண்டு எழும். இதயம் தலைதெறிக்க ஓடும், ரத்த அழுத்தம் ஏறும். நல்ல இதயம் தாங்கிக்கொள்ளும். நொந்துபோன இதயம் அங்கேயே நின்றாலும் நிற்கும். அதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே ஃபென்டானில் என்ற வலி மருந்தைக் கொடுப்பது.

"தூக்க மருந்து மனசுக்கு, இது உடம்புக்கு" என்பார் ஜினசேனன். "கம்மியானா குதிரை ஓடும். ஜாஸ்தியானா குதிரை படுத்துடும். ஆளுக்கு ஆள் அளவு வேற, அருணா." அவர் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கிற மனிதர், அவசரம் என்பதே தெரியாது. ஃபென்டானிலைக் கொடுத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிஷம் சும்மா நிற்பார். அந்த மூன்று நிமிஷமும் அருணாதேவி உள்ளங்கையைப் பச்சை அங்கியில் துடைத்துக்கொண்டே இருப்பாள். "அங்கி கிழிஞ்சிடப் போவுது" என்று ஸ்டாஃப் நர்ஸ் சரசு கேலி செய்வாள்.

மற்றவர்களுக்கே இப்படி நடுங்குகிறவள், அந்தப் புதன்கிழமை தன் மாமியாரை மேஜைமேல் படுக்க வைக்க வேண்டியிருந்தது.

மாமியார் ஆதிலட்சுமியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். இப்போது வேங்கிக்காலில் மகன் முருகவேல் கட்டிய வீட்டில் இருக்கிறாள். வயது அறுபத்தி ஒன்று. பத்தொன்பது வருஷமாக ஒரு பௌர்ணமி தப்பாமல் வெறுங்காலோடு கிரிவலம் போகிறவள். அவள் தனக்காக மட்டும் நடப்பதில்லை. நடக்க முடியாதவர்கள், வரமுடியாதவர்கள் எல்லாம் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை வைத்து, வேண்டுதலைச் சொல்லி, முடிச்சுப் போட்டு அவளிடம் கொடுப்பார்கள். பிள்ளை வேண்டும், கோர்ட்டில் ஜெயிக்க வேண்டும், குடிகாரப் புருஷன் திருந்த வேண்டும். அத்தனை முடிச்சையும் ஒரு பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு பதினான்கு கிலோமீட்டரும் சுற்றி வந்து உண்டியலில் சேர்ப்பாள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஊர்க்காரர்கள் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால்கூட அவளிடம் வந்து சேர்ந்துவிடும். அவ்வளவு நம்பிக்கை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முழங்கால் இரண்டும் வீங்கிப் போயின. எலும்பு டாக்டர் இனிமேல் நடக்கவே கூடாது என்றார். "என் கால் போனா போவுது, ஊரார் முடிச்ச எங்க கொண்டு போய் வெப்பேன்?" என்று ஆதிலட்சுமி அழுதாள். அழுது பார்த்தறியாத பொம்பளை அழுதால் யாருக்குத்தான் மனசு தாங்கும்? வார்டில் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்கள் மிச்ச மாத்திரைகளை ட்ரேயில் விட்டுப்போவார்கள். அதைக் கணக்கில் சேர்த்து அலமாரியில் வைக்க வேண்டும் என்பது விதி. அதிலிருந்து டிரமடால் என்ற, அபின் வகை வலி மாத்திரை அட்டை ஒன்றை அருணாதேவி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். பத்து மாத்திரை. "பௌர்ணமிக்கு ஒன்னே ஒன்னு அத்தை, அவ்ளோதான்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அந்தப் பௌர்ணமிக்கு ஆதிலட்சுமி வாலிபப் பெண்களை எல்லாம் பின்னால் விட்டுவிட்டு நடந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை விலாவாரியாகச் சொல்ல வேண்டாம். ஒன்று இரண்டானது. பௌர்ணமிக்கு என்பது தினமும் என்றானது. சீட்டு இல்லாமல் விற்கிற ஆள் எங்கேயோ கிடைத்தான். ஒரு நாள் முடிச்சுப் பையைத் துவைக்க எடுத்த அருணாதேவி, அதன் அடியில் காலி அட்டைகளைக் கத்தையாகப் பார்த்தாள். நாளைக்கு நான்கு மாத்திரை என்று மாமியாரே ஒப்புக்கொண்டாள்.

"நிறுத்துங்க அத்தை, டாக்டர் கிட்ட சொல்லி மெதுவா நிறுத்தலாம்."

ஆதிலட்சுமி அவள் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மலை முழுசாகத் தெரிந்தது. "மாத்திரை போட்டுனு சுத்தறான்னு தெரிஞ்சா ஒருத்தி முடிச்சு குடுப்பாளா? இதுவரைக்கும் குடுத்தவங்க மனசு இன்னா ஆவும்? மலைய பாத்து சொல்லு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

அருணாதேவி மலையைப் பார்த்துச் சொன்னாள். அந்த ஊரில் மலையைப் பார்த்துச் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது. அதுமட்டுமா, முதல் அட்டை யார் கொடுத்தது என்ற கேள்வி வந்தால் அவள் வேலை போகும். போலீஸ் வரைக்கும் போகுமோ என்றுகூட அவளுக்குப் பயம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வழியெல்லாம் பயம்தான்.

இந்த நிலைமையில்தான் ஆதிலட்சுமிக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. வலியும் காய்ச்சலும் வந்து, தள்ளிப்போட முடியாத நிலை. பத்து மாதத்துக்கு முன்னால் லேசாக ஒரு ஹார்ட் அட்டாக் வேறு வந்து போயிருந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் ஜினசேனன் ஈசிஜியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "துடிப்பு தொண்ணூறைத் தாண்டாம பாத்துக்கணும். தாண்டினா கஷ்டம்" என்றார். பிறகு கேட்டார்: "வேற ஏதாவது மாத்திரை சாப்புடறீங்களாம்மா? வலி மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து?"

"பிரஷர் மாத்திரை மட்டும்தாங்க."

டாக்டர் அருணாதேவியையும் பார்த்தார். அவள் கேஸ் ஷீட்டை ஓரம் மடங்காமல் நீவிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள். "எப்டி அத்தை பொய் சொன்னீங்க?"

"எங்கடி பொய்? முந்தாநாளே நிறுத்திட்டேனே. கத்தி வெக்கிற ஒடம்பு சுத்தமா இருக்க வாணாமா? விரதம் இருந்தாப்பல ஒன்னுகூட தொடல. நிறுத்தினப்பறம் சாப்புடறேன்னு சொன்னாத்தான் பொய்."

இந்த நியாயத்தைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தியதால் உடம்பு சுத்தமாகிவிடாது. மூன்று வருஷம் பழகிய மருந்தைத் திடீரென்று பிடுங்கினால் உடம்பு அதைக் கேட்டுக் கூப்பாடு போடும். ஆதிலட்சுமி ஓயாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். மூக்கில் நீர் ஒழுகியது. கையெல்லாம் புல்லரித்திருந்தது. பயத்தில் இப்படி இருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். காரணம் தெரிந்தவள் அருணாதேவி ஒருத்திதான்.

சொந்தக்காரருக்கு ஆபரேஷன் என்றால் அந்த டெக்னீஷியன் உள்ளே நிற்பது வழக்கமில்லை. இன்னொரு டெக்னீஷியன் லீவு. "என் மருமவ தலைமாட்டுல நிக்கட்டும்" என்று ஆதிலட்சுமியும் பிடிவாதம் பிடித்தாள். டாக்டர், "உன்னால முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. தான் இல்லாவிட்டால் உள்ளே விஷயம் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

காலை எட்டு மணிக்கு மருந்து ஏற்ற உட்கார்ந்தாள். "ஃபென்டானில் ரெண்டு மில்லி" என்றார் டாக்டர். ஒரு ஆம்ப்யூல், சின்னக் கண்ணாடிக் குப்பி. மற்றவர்களுக்கு அது சரியான அளவு. மூன்று வருஷம் அதே வகை மருந்தில் ஊறிய இந்த உடம்புக்குப் போதாது என்று அவளுக்குத் தெரியும். ஆம்ப்யூலை உடைத்து ஊசியில் இழுத்தாள். அலமாரியில் இன்னும் எட்டு இருந்தன. ஒன்றை உடைத்துச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டால்? சத்தியமும் கெடாது, வேலையும் போகாது, மாமியாரும் பிழைப்பாள். இரண்டாவது ஆம்ப்யூலைக் கையில்கூட எடுத்துவிட்டாள். ஆனால் எவ்வளவு சேர்ப்பது? ஒன்றா, அரையா? கூடிப்போய் அழுத்தம் விழுந்தால்? இரண்டு மில்லி என்று நம்பி நிற்கிற டாக்டர் எதைப் பார்த்து என்ன செய்வார்? ஆம்ப்யூலைத் திரும்ப வைத்து அலமாரியைப் பூட்டினாள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. சொல்லவும் இல்லை.

தியேட்டருக்குள் ஆதிலட்சுமி மருமகளின் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அருணா, முடிச்சுப் பை பீரோல கீது. முப்பத்தி ரெண்டு முடிச்சு. எனக்கு ஒன்னு ஆச்சினா..."

"ஒன்னும் ஆவாது அத்தை."

டாக்டர் ஃபென்டானிலைச் செலுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். மானிட்டரில் துடிப்பு தொண்ணூற்றி நான்கு. இரண்டு நிமிஷம். இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. "ரொம்ப பயந்துட்டாங்க போல, தூங்கினா இறங்கிடும்" என்றார் டாக்டர். சொல் சொல் என்று அருணாதேவிக்குள் ஏதோ அடித்துக்கொண்டது. மூன்று நிமிஷம். தூக்க மருந்து போயிற்று, ஆதிலட்சுமியின் பிடி தளர்ந்தது. தசைகளைத் தளர்த்தும் மருந்தும் போயிற்று. இனி வலித்தால் கைகாலை அசைக்க முடியாது, கண்ணைத் திறந்து பார்க்கவும் முடியாது.

டாக்டர் கை நீட்டினார். அருணாதேவி தகட்டைக் கொடுத்தாள். பதினாறு வருஷப் பழக்கம், கை தானாகக் கொடுத்துவிட்டது.

தகடு நாக்கைத் தொட்டுத் தூக்கியதும் மானிட்டரின் சத்தம் மாறியது. நூற்றிப் பன்னிரண்டு. நூற்றி முப்பது. நூற்றி நாற்பத்தி ஆறு. கையில் சுற்றிய பட்டை ஊதி இறங்கி ரத்த அழுத்தம் இருநூற்றிப் பதினெட்டு என்று காட்டியது. இதயக் கோட்டில் ஒரு பகுதி கீழே தாழ ஆரம்பித்தது. இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று அதற்கு அர்த்தம். கண்களை மூடி ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டர் நனைந்து, ஓரத்தில் ஒரு சொட்டு நீர் இறங்கிக் காதுப்பக்கம் ஓடியது. அசைய முடியாத உடம்பு அழுகிறது என்று அருணாதேவிக்குப் புரிந்தது.

"சார், எடுத்துடுங்க! அவங்க வலி மாத்திர சாப்புடறவங்க சார். மூணு வருஷமா. டிரமடால், நாளைக்கு நாலு. மூணு நாளா நிறுத்திட்டாங்க. நான்தான் சொல்லல."

சரசு வாயைப் பொத்திக்கொண்டாள். ஜினசேனன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தகட்டை வெளியே எடுத்தார். முகத்தில் மாஸ்க்கை வைத்து மூச்சுக் கொடுத்தார். மயக்க வாயுவைக் கூட்டினார். "இன்னொரு ஆம்ப்யூல் உடை" என்றார். குரல் எப்போதும் போலவே இருந்தது. அவள் உடைத்தாள். கண்ணாடி விரலைக் கிழித்தது, அது அவளுக்கு அப்போது தெரியவில்லை. டாக்டர் ஒரு மில்லி கொடுத்தார். காத்திருந்தார். மறுபடி ஒரு மில்லி. இதயத்தின் ஓட்டத்தை அடக்கும் ஊசி ஒன்றும் போட்டார். சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

அருணாதேவி மலையைக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? சத்தியத்தை உடைத்தாயிற்று, அதுவும் உடைக்க வேண்டிய நேரத்தில் உடைக்காமல், காலம் கடந்து. எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றி இருபது. நூற்றி எட்டு. தொண்ணூற்றி ஐந்து. தாழ்ந்த கோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. மூன்று நிமிஷம் என்பது அன்றைக்கு முடியவே இல்லை. துடிப்பு எழுபத்தி எட்டுக்கு வந்ததும் டாக்டர் மறுபடி கை நீட்டினார். தகடு போனது, டியூப் போனது. எண்பத்தி நான்கு. அங்கேயே நின்றது.

"இப்போ சரியான அளவு" என்றார் ஜினசேனன். அவ்வளவுதான் பேசினார். கேஸ் முடியும் வரை அருணாதேவி உட்காரவில்லை.

பித்தப்பையை எடுத்தாயிற்று. இரண்டு ஈசிஜி எடுத்தார்கள், பெரிதாகச் சேதம் இல்லை, ரத்தப் பரிசோதனை நாளைக்கும் பார்க்க வேண்டும் என்றார்கள். வெளியே காத்திருந்த முருகவேலிடம், "கொஞ்சம் பயமுறுத்திட்டாங்க, இப்போ பரவாயில்ல" என்று மட்டும் டாக்டர் சொன்னார். அவன் காபி வாங்கப் போனான்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஆதிலட்சுமி நன்றாகக் கண் விழித்தாள். கட்டில் பக்கத்து ஜன்னலில் மலை தெரிந்தது. ஜினசேனன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அருணாதேவி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"மாத்திரை விஷயம் எனக்குத் தெரியும்மா" என்றார் டாக்டர். "திட்ட வரல. இனிமே கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், அதுக்கு நான் வழி சொல்றேன். ஆனா ஒன்னு மட்டும் தெரியணும். முதல்ல எங்கருந்து வந்துச்சு? இங்கருந்தா?"

ஆதிலட்சுமி மருமகளைப் பார்த்தாள். சொல்லிவிட்டாய் அல்லவா என்ற பார்வை. அருணாதேவியால் நிமிர முடியவில்லை. காலையில் சொன்னது பாதிதான். மீதிப் பாதி இன்னும் மடியிலேயே கனத்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் பதினாறு வருஷ வேலை போகும். வீட்டுக் கடனில் பாதி அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"கடைல வாங்கினேங்க" என்றாள் ஆதிலட்சுமி.

"முதல் அட்டையும் கடையிலதானா? மருமகள் கொண்டாந்து குடுக்கலையே?"

ஆதிலட்சுமி தலையணையிலிருந்து தலையைத் திருப்பினாள். சலைன் ஊசி குத்திய கையைத் தூக்கி ஜன்னல் பக்கம் நீட்டினாள். "தோ, மலைய பாத்து சொல்றேங்க. இவளுக்கு ஒன்னும் தெரியாது. இவ குடுக்கல."

அருணாதேவிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தியேட்டரில் நூற்றி நாற்பத்தி ஆறைப் பார்த்தபோதுகூட இப்படி இல்லை. ஒரு நிலத் தகராறில் உள்ளூர் பஞ்சாயத்து எல்லையைக் காட்டச் சொன்னபோது, மலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே சொந்தத் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் இந்தப் பொம்பளை. முப்பத்தி இரண்டு பேருடைய வேண்டுதலை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவள். அவள் ஒரு மருமகளுக்காக மலையைப் பார்த்துப் பொய் சொல்கிறாள். இதை வாங்கி வைத்துக்கொண்டு எங்கே போவது?

டாக்டர் எழுந்துவிட்டார். "சரிம்மா" என்றார்.

"சார்" என்றாள் அருணாதேவி. "நான்தான் குடுத்தேன். வார்டு ட்ரேலருந்து எடுத்தேன், ஒரு அட்டை. கணக்குல எழுதல. அதுக்கப்பறம் நான் எடுக்கல, ஆனா ஆரம்பிச்சது நான்தான்."

இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியை அவிழ்த்து நீட்டினாள். ஜினசேனன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மேடம் கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும், அருணா. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து அவங்களப் பாரு. காலைல நீ வாயத் தொறந்ததையும் சொல்லுவேன். லேட்டா தொறந்ததையும் சொல்லுவேன். அவங்க முடிவு எனக்குத் தெரியாது."

அவர் போய்விட்டார். அருணாதேவி ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள். பயம் போகவில்லை. நாளைக்குப் பத்து மணி இருக்கிறது, முருகவேலிடம் சொல்ல வேண்டும், ரத்தப் பரிசோதனை வர வேண்டும். ஆதிலட்சுமி கையை நீட்டி மருமகளின் விரலைப் பிடித்தாள். ஆம்ப்யூல் கிழித்த இடத்தில் சரசு போட்ட பிளாஸ்டர் இருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து காலையில் ஓடிய வழியிலேயே நீர் ஓடியது.

"அடிப் பாவி" என்றாள். "பத்தொம்போது வருஷத்துல மலைய பாத்து ஒரே ஒரு பொய் சொன்னேன். அதையும் வீணாக்கிட்டியே."